கேஸ் மாத்திரையை நிறுத்தினால் எரிகிறதே, அது யார் வைத்த நெருப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவே ஒரு ஊரில் 26 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்தவன், டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், கேஸ் மாத்திரையை, அதாவது வயிற்று ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரையை, வருடக்கணக்கில் எடுத்தால் வரும் கெடுதல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உள்ளே எழுதியிருந்தது பெரும்பாலும் சரிதான், ஆனால் புற்றுநோய் என்கிற வார்த்தையை அத்தனை பெரிய எழுத்தில் தலைப்பில் போட்டதுதான் வம்பாகிப் போனது. கட்டுரையை யார் படித்தார்கள், தலைப்பை மட்டும் போட்டோ எடுத்து ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் என் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வந்தார்கள். பயந்துபோய் மாத்திரையை அடியோடு விட்டவர்கள் ஒரு வகை. விட்டுப் பார்த்து, மூன்றாம் நாள் நெஞ்சு எரிந்து ஓடிவந்து, "இது இல்லாம நம்மளால ஆகாதுங்க" என்று இரண்டு அட்டையாக வாங்கிப் போனவர்கள் இன்னொரு வகை. இரண்டு பக்கமும் தப்பு நடந்தது, அதில் என் பங்கும் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது வகையில் ஒருவரை முதலில் சொல்கிறேன். தோட்டக்காரர், அறுபது தாண்டியவர், முறையில் எனக்கு மாமா. மாதம் பிறந்தால் கடைக்கு வந்து சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து மேசைமேல் வைப்பார். சீட்டு கசங்காமல் இருக்க லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார், ஆதார் கார்டு மாதிரி. தேதி 2016. பான்டோபிரசோல் 40, பக்கத்தில் 1-0-0, எத்தனை நாள் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு சுழி. எண் கிடையாது. எதற்கு எழுதிய சீட்டு என்று கேட்டால் அவருக்கே சரியாக நினைவில்லை. "அன்னிக்கு முதுகுப் பிடிப்புன்னு போனனுங்க, ஊசி போட்டு மாத்திரை குடுத்தாங்க, அதோட இதையும் சேத்திக் குடுத்தாங்க" என்கிறார். பிடிப்பு ஒரு வாரத்தில் விட்டிருக்கும். கேஸ் மாத்திரை இன்னும் ஓடுகிறது.

"ஏனுங் மாப்பிள்ளை, நாலு தடவ நிறுத்திப் பாத்துட்டேன். நிறுத்துனா மூணாம் நாளு குபுகுபுன்னு எரியுது. அப்ப உள்ளுக்குள்ள புண்ணு இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இரைப்பையின் உள்சுவரில் குழிகுழியாகச் சுரப்பிகள் இருக்கின்றன, அந்தச் சுரப்பிகளில் ஆசிட் சுரக்கிற செல்கள், செல்லுக்குள் பம்புகள். பேரே புரோட்டான் பம்புதான். ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் இரைப்பை நீர் ஊறுகிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பாத்ரூம் கழுவ வாங்குகிற ஆசிட்டும் அதே சரக்குதான், அடர்த்திதான் வேறு. அது நம் வயிற்றையே அரித்துவிடாமல் இருப்பதற்குக் காரணம் சுவரின் மேல் வழவழவென்று படிந்திருக்கிற சளியும், அந்தச் சளியில் ஊறிக்கிடக்கிற பைகார்பனேட்டும். அது போதாதென்று மேல்பரப்புச் செல்கள் சில நாளைக்கு ஒரு தடவை உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். வெள்ளையடித்த சுவரை நாலு நாளைக்கு ஒரு தடவை மறுபடி வெள்ளையடிக்கிற மாதிரி.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ராபிபிரசோல், எசோமிபிரசோல் என்று பிரசோலில் முடிகிற எல்லாம் ஒரே குடும்பம். மாத்திரை வயிற்றுக்குள் விழுந்ததும் அங்கே இருக்கிற ஆசிட்டைத் தணிக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடையாது. இந்த மருந்து வயிற்றில் கரைந்தால் ஆசிட் பட்டுக் கெட்டுப்போகும், அதனால்தான் மேலே ஒரு பூச்சு பூசி வயிற்றைத் தாண்ட வைக்கிறார்கள். சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்து அந்தச் செல்லுக்குள் நுழைகிறது, நுழைந்து அங்கே ஓடிக்கொண்டிருக்கிற பம்பைப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. ஓடாத பம்பை அதனால் பிடிக்க முடியாது. பம்புகள் நிறைய ஓடுவது சாப்பிடும்போதுதான், அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் போடச் சொல்வது. இட்லி தின்று டீயும் குடித்த பிறகு ஞாபகம் வந்து போடுகிறவர்கள் மாத்திரையில் பாதியை வீணடிக்கிறார்கள், முழுங்க முடியவில்லை என்று பொடித்துத் தேனில் குழைத்துத் தின்கிறவர்கள் அநேகமாக முழுதையும். ரத்தத்தில் இருக்கிற மருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆனாலும் பிடித்த பம்பு பிடித்ததுதான். செல் புதிதாக வேறு பம்பு செய்து வைக்கிற வரை அந்த இடத்தில் ஆசிட் ஊறாது. ஒரு மாத்திரை ஒரு நாள் முழுக்கத் தாங்குவது இதனால்.

இனிமேல்தான் சங்கதி. ஆசிட் குறைந்தால் உடம்பு சும்மா இருக்குமா? இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருக்கிற வேறு சில செல்கள், என்னடா ஆசிட் வரவில்லையே என்று காஸ்ட்ரின் என்கிற ஹார்மோனை ரத்தத்தில் கூடுதலாக விடும். அது போய், ஆசிட் செல்களைத் தூண்டுகிற ஹிஸ்டமைனைச் சுரக்கிற செல்களை உசுப்பும், மாதக்கணக்கில் உசுப்பிக்கொண்டே இருந்தால் அந்தச் செல்கள் பெருகும், ஆசிட் செல்களும் பருத்துப்போகும். மாத்திரை ஓடுகிற வரை இதெல்லாம் வெளியே தெரியாது. மாமாவுக்கு இதை நான் சொன்னது இப்படி: ஷிப்ட் முறையில் மும்முனை கரண்ட் விட்ட காலத்தில் கரண்ட் இல்லாத நேரம் எல்லாரும் மோட்டாரை ஆட்டோவில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வோம், ராத்திரி கரண்ட் வந்ததும் அந்தப் பாதையில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் எடுக்கும், டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய்விடும். மாத்திரைதான் கரண்ட் கட். சட்டென்று நிறுத்துகிற நாள் கரண்ட் வருகிற நாள். அதிலும் கட் ஆகியிருந்த சமயம் பார்த்து ஆளாளுக்குப் புதிதாக ஒரு மோட்டார் வேறு இறக்கி வைத்திருக்கிறார்கள். மாமா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப இந்த எரிச்சல் வியாதி இல்லீங்களா, மாத்திரை பண்ற வேலைங்களா?" என்றார்.

முழுக்க இல்லை, ஆனால் பெரும்பங்கு அதுவாக இருக்கலாம். 2009இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று இருக்கிறது. வயிற்றுத் தொல்லை எதுவுமே இல்லாத 120 பேரை எடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு 8 வாரம் எசோமிபிரசோல் 40 மில்லிகிராம், அதற்கு அப்புறம் 4 வாரம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மறு பாதிக்கு 12 வாரமும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று தின்கிறவர்களுக்குத் தெரியாது. அந்தக் கடைசி 4 வாரத்தில் நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, வயிற்று மந்தம் என்று சொன்னவர்கள், நிஜ மாத்திரையை நிறுத்தியவர்களில் 44 சதவீதம், மற்றவர்களில் 15 சதவீதம். வியாதியே இல்லாதவர்களுக்கு இரண்டு மாதம் மாத்திரை கொடுத்து நிறுத்தியதற்கே இந்தக் கதி. எட்டு வருடம், பத்து வருடம் தின்றவர் சட்டென்று நிறுத்தினால் எரியத்தான் செய்யும், எரிந்ததும் புண் ஆறவில்லை என்று மறுபடி தொடங்கவும் செய்வார்.

என் அம்மா கதையும் கிட்டத்தட்ட இதுவேதான். மூட்டு வலிக்கு மாத்திரை எழுதியவர் கூடவே கேஸ் மாத்திரையும் எழுதினார். அது நியாயம்தான், டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள், வயிற்றுச் சளியைக் காக்கிற புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்து, சுவரைப் புண்ணாக்கக்கூடியவை. வலி மாத்திரையை அம்மா இரண்டே மாதத்தில் விட்டுவிட்டார், தைலமே போதும் என்று. கேஸ் மாத்திரை மட்டும் விடாமல் ஓடியது, 9 வருடம், அதுவும் மருந்துக்கடைக்காரன் வீட்டில். மாதாமாதம் மூன்று அட்டையைக் கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அப்புறம் ரத்தம் கம்மியாக இருக்கிறது, ஏன் என்று பார்க்கலாம் என்று எண்டோஸ்கோப்பி செய்தார்கள். இரைப்பையின் மேல்பகுதியில் சின்னச் சின்னதாக ஏழெட்டு பாலிப், அதாவது சதை முளை. ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்த கலர் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, கம்பு எறைச்சு உட்ட மாதிரி கெடக்குது" என்றார் அம்மா. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை. கிள்ளி பயாப்சிக்கு அனுப்பியதில் ஃபண்டிக் கிளாண்ட் பாலிப் என்று வந்தது. நீண்ட நாள் இந்த மாத்திரை எடுக்கிறவர்களுக்கு வருவதுதான், பெரும்பாலும் சாதுவானது, மாத்திரையை நிறுத்தினால் பலருக்குச் சுருங்கியே போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது.

ஒரே நாளில் நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னபடி 40ஐ 20 ஆக்கி ஒரு மாதம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் எதுவும் இல்லை, எரிந்தால் அப்போதைக்கு மட்டும் ஒரு மூடி ஜெலுசில் மாதிரி சிரப். எதுவும் இல்லாமல் ஆன முதல் இரண்டு வாரம் ரொம்பச் சிரமப்பட்டார். ராத்திரி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "உங்கடையில அத்தன மாத்தர இருக்குது, பெத்தவளுக்கு ஒண்ணு குடுக்க மாட்டீங்கறயே" என்று திட்டினார். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளாக எரிச்சல் குறைந்து, இப்போது அரிசியும் பருப்பும் சாதத்துக்கு ஊறுகாய் கேட்கிறார். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. 2022இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கம் சொன்ன வழிகாட்டுதலில், தேவையில்லாதவர்கள் படிப்படியாகவும் நிறுத்தலாம், ஒரேயடியாகவும் நிறுத்தலாம், நிறுத்தினால் கொஞ்ச நாள் ஆசிட் பொங்கும் என்பதை மட்டும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றுதான் இருக்கிறது. அந்த முன்கூட்டிச் சொல்வதைத்தான் நம் ஊரில் யாரும் செய்வதில்லை.

சரி, புற்றுநோய்க்கு வருகிறேன். இந்தப் பயம் மாத்திரை பிறக்கும்போதே கூடப் பிறந்தது. ஒமிபிரசோல் 1988இல் விற்பனைக்கு வருவதற்கு முன்னால் எலிகளுக்கு ஆயுள் முழுக்க அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள், மேலே சொன்ன ஹிஸ்டமைன் செல்கள் பெருகிப் பெருகிக் கட்டியாகவே ஆகிவிட்டன. மனிதர்களிடம் சோதிப்பதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். காஸ்ட்ரின் தாறுமாறாக ஏறியதுதான் காரணம் என்பது அப்புறம் தெரிந்தது. மனிதர்களுக்கு வழக்கமான அளவில் அவ்வளவு ஏறுவதில்லை. நம்மிலும் அந்தச் செல்கள் பெருகுவது பயாப்சியில் தெரிகிறது, ஆனால் எலிக்கு வந்த மாதிரி கட்டியாவது அபூர்வத்திலும் அபூர்வம். 2018இல் ஹாங்காங்கில் 63 ஆயிரம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து, இந்த மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் 2.4 மடங்கு என்று எழுதினார்கள். உங்கள் தலைப்பு அங்கிருந்துதான் புறப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் எல்லோரும் வயிற்றுப் புண்ணை உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் கிருமி வந்து அதற்கு மருந்து சாப்பிட்டவர்கள் என்பதைத் தலைப்பு சொல்லவில்லை. பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதில் இன்னொரு சிக்கல், வயிற்றில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்தானே மாத்திரையும் அதிகம் தின்பார், எது முன்னால் எது பின்னால் என்று எப்படிப் பிரிப்பது? 2019இல் வெளியான காம்பஸ் ஆய்வில் 17 ஆயிரத்துச் சொச்சம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கம் பான்டோபிரசோல், ஒரு பக்கம் வெறும் மாத்திரை என்று 3 வருடம் போலக் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு மாதிரியான குடல் தொற்று கொஞ்சம் கூடியது, வேறு எதுவும் கூடவில்லை. புற்றுநோய்க்கு 3 வருடம் போதுமா என்று கேட்டால், போதாதுதான். ஆனாலும் அந்தப் பெரிய எழுத்துக்கு இதில் சரக்கு இல்லை.

அந்தக் கிருமியைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. வயிற்றுப் புண்ணுக்கு டென்ஷனும் காரமும்தான் காரணம் என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்கிற டாக்டர் 1984இல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்து, வயிற்று அழற்சி வந்து காட்டினார், அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கொடுத்தார்கள். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றில் இந்தக் கிருமி குடியிருக்கிறது, பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லாமல். கிருமி இருக்கிற வயிற்றில் வருடக்கணக்கில் ஆசிட்டை அடக்கினால், கீழ்ப்பகுதியில் இருந்த அழற்சி ஆசிட் செல்கள் இருக்கிற மேல்பகுதிக்கு நகர்கிறது, நாளாவட்டத்தில் அங்கே சுவர் மெலிந்து சுரப்பிகள் அழிந்துபோகவும் கூடும். அதனால் வருடக்கணக்கில் மாத்திரை தேவைப்படுகிறவருக்கு ஒரு தடவையாவது கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 14 நாள் மருந்தில் ஒழித்துவிடுவது நல்லது. இதில் ஒரு கூத்து, மாத்திரை தின்றுகொண்டே மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ போனால், கிருமி இருந்தாலும் இல்லை என்று வந்துவிடலாம். இரண்டு வாரம் முன்னாலேயே நிறுத்திவிட்டுப் போக வேண்டும், பணம் கட்டி டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து என்னிடம் ரிப்போர்ட் காட்டியவர்களில் அதை நிறுத்திவிட்டுப் போனவர்கள் ரொம்பக் கம்மி.

மற்ற விஷயங்கள் உங்கள் கட்டுரையிலேயே இருந்தன, இந்த மாத்திரையை நீண்ட நாள் எடுத்தால் வைட்டமின் பி12, இரும்பு, மெக்னீசியம் குறைவது எல்லாம். நான் சேர்ப்பது ஒன்றுதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவர்களுக்கு அதுவே பி12ஐக் குறைக்கும், கூடவே இதையும் வருடக்கணக்கில் எடுத்து, கறி மீனும் தொடாதவர் என்றால், பாதம் மரத்துப்போவதற்கெல்லாம் சர்க்கரையையே குற்றம் சொல்லாமல் பி12 ஒரு தடவை பார்த்துவிடலாம்.

இனி முதல் வகை ஆட்கள். சொல்லப்போனால் நான் கடிதம் எழுத உட்கார்ந்ததே இவர்களால்தான். பக்கத்து ஊரில் விசைத்தறி வைத்திருப்பவர், ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுக்கிறார். இரண்டும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்பவை, ஆஸ்பிரின் வயிற்றுச் சுவரையும் பதம் பார்க்கும், அதனால்தான் கூட ஒரு பான்டோபிரசோல். வாட்ஸ்அப்பில் தலைப்பைப் பார்த்துவிட்டு மூன்றில் அதை மட்டும் விட்டுவிட்டார், யாரையும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டம்மா கடைக்கு வந்தார், கூட்டம் போகிற வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஏனுங்கண்ணா, ரெண்டு நாளா அவருக்குக் கருப்பா தார் மாதிரி போகுதுங்க. இரும்புச் சத்து மாத்திரை போட்டா அப்பிடிப் போகும்னு சொல்லுவீங்க, அவரு அது போடறதே இல்லீங்களே?" எனக்குக் கை கால் ஓடவில்லை. அது வயிற்றுக்குள் ரத்தம் கசிகிற அடையாளம். வண்டி பிடித்துக் கோயமுத்தூர் கொண்டுபோனார்கள், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, புண்ணுக்கு எண்டோஸ்கோப்பி வழியாகவே கிளிப் போட்டு, பிழைத்துக்கொண்டார். கிராமத்துப் பெரியவர்கள் சிலர் சட்டையைக் கழற்றினால் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நீளமாக ஒரு தையல் தழும்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அல்சருக்கு வயிற்றைக் கிழித்து நரம்பை அறுத்துவிட்ட காலத்துத் தழும்பு. இப்போது அந்தத் தழும்போடு யாரும் புதிதாக வருவதில்லை என்றால், கிருமிக்கு மருந்து கண்டுபிடித்ததும் இந்த மாத்திரையும்தான் காரணம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையின் பின்னாலேயே அச்சடித்திருக்கும். ஆனால் ஷிப்டு முடிந்து ராத்திரி பத்து மணிக்கு பனியன் கம்பெனிப் பையன் வந்து, "அண்ணா, மேல் வலிக்கு ஒரு செட் குடுங்கண்ணா, வயித்தெரிச்சலுக்கும் சேத்திப் போட்டுடுங்க" என்று நின்றால், வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறேன், எத்தனை பேருக்கு என்று கணக்கில்லை. மூன்று நாளைக்குக் கொடுத்ததுதான். அதில் எத்தனை பேர் அந்தக் கேஸ் மாத்திரையின் பேரை மனப்பாடம் செய்துகொண்டு இன்றுவரை வாங்குகிறார்களோ. இப்போது செட் கொடுப்பதில்லை, வியாபாரம் கொஞ்சம் அடி வாங்கியது. சீட்டோடு வருகிறவர்களுக்கு அட்டையின்மேல் மார்க்கர் பேனாவால் எந்தத் தேதி வரை என்று எழுதிக் கொடுக்கிறேன், சீட்டில் நாள் இல்லாவிட்டால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுகிறேன். இரண்டு டாக்டர்கள் கோபித்துக்கொண்டார்கள், ஒருவர் நன்றி சொன்னார்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஸ்டென்ட் வைத்தவர்கள், ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து எடுக்கிற வயதானவர்கள், வயிற்றில் ஒரு தடவையாவது ரத்தக்கசிவு வந்தவர்கள், உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணானவர்கள், இவர்கள் டாக்டரைக் கேட்காமல் கேஸ் மாத்திரையை விடக் கூடாது என்று அதே மருத்துவப் பக்கத்தில், புற்றுநோய் என்று போட்டீர்களே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் அதையும் அனுப்பட்டும். டாக்டர்களுக்கு ஒரு வரி: எத்தனை நாள் என்கிற இடத்தில் சுழி போடாமல் எண்ணைப் போடுங்கள்.

மாமா போன வாரம் டாக்டரைப் பார்த்துவிட்டுப் புதுச் சீட்டோடு வந்தார். பான்டோபிரசோல் 20, நாலு வாரம், அப்புறம் நிறுத்து என்று தெளிவாக எழுதியிருந்தது. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்பிள்ளை, இதுக்கு லேமினேசன் போடறதா வேண்டாமா?" என்றார்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
பல்லடம் வட்டம்.